ஜொகூர் நீரும் ஒரு குன்றின் குளமும்: பொது நீச்சற்குளம் ஒன்றின் சரித்திரமும் புனருத்தாரணமும்

கேள்வி

சிங்கப்பூரின் முதற் பொது நீச்சற்குளம் 1931-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி மவுண்ட் எமிலி என்னும் சிறு குன்றின்மீது திறக்கப்பட்டது. இடையில் யுத்தம் குறுக்கிட்டபோதிலும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நகரத்து ஜனங்களுக்குப் பயன்பட்டு, 1981-ல் மூடப்பட்டது. ஜொகூரில் இருந்து படிக்கும் வாசகருக்கு இது பாலத்துக்கு அப்பாலுள்ள அயல் நாட்டுச் செய்தியாகத் தோன்றக்கூடும். ஆயினும், அக்குளம் ஏன் அந்த ஆண்டில், அந்தக் குன்றில், அந்த வடிவத்தில் தோன்றியது என்று காரணங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து செல்பவர், சிங்கப்பூர் நகரசபையின் கூடத்தில் நின்றுவிடாமல், ஜொகூர் பாலத்தைக் கடந்து, கூலாய்க்கும் பொந்தியானுக்கும் இடைப்பட்ட காட்டில் 654 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் பூலாய் மலையின் அடிவாரத்துக்கு வந்து சேர்கிறார்.

இக்கட்டுரை ஆராயப் புகுவது இரண்டு பாகமுள்ள ஒரே கேள்வியை. குடிநீருக்கென்று கட்டிய தேக்கம் ஒன்று, பொது ஜனங்கள் இறங்கி நீந்தும் குளமாக மாறுவதற்கு எவை காரணமாயின? அத்தகைய குளம் மறைந்தபின் அதைப் புனருத்தாரணம் செய்கிறோம் என்று இன்று சொல்லும்போது மீட்கப்படுவது எது?

இதுவரை சொல்லப்பட்டவை

பொதுக் குளங்களின் தோற்றத்தைப் பற்றி வழங்கிவரும் விளக்கங்கள் பெரும்பாலும் மூன்று வகையின.

முதலாவது, இதைக் காலனிய நகர நிர்வாகத்தின் கருணைக்கும் சுகாதாரக் கொள்கைக்கும் சான்றாகக் காண்பது. நெருக்கமான கடைவீடுகளில் வசித்த ஏழைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் உடற்பயிற்சியும் வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் உலகம் முழுவதும் நகரசபைகளிடையே பரவியிருந்தது மெய்யே. 1919 முதல் 1931 வரை நகரசபைத் தலைவராயிருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயரில் பின்னர் ஒரு மைதானமே அமைந்தது என்பதும் அந்தக் காலத்தின் போக்கைக் காட்டும். ஆனால் இவ்விளக்கம் ஏன் 1931 என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. கருணை அதற்கு முன்பும் இருந்திருக்க வேண்டுமல்லவா?

இரண்டாவது விளையாட்டுச் சரித்திரம். 1951-ல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் சிங்கப்பூரின் நியோ சுவீ கோக் நீச்சலில் நான்கு தங்கப் பதக்கங்கள் பெற்றது இவ்வகை நூல்களில் தவறாது இடம்பெறும். வெற்றியாளர்களின் பெயர்களால் எழுதப்படும் இச்சரித்திரத்தில், கரையைப் பிடித்துக்கொண்டு காலடிக்கக் கற்றுக்கொண்ட பல்லாயிரம் பேர் காணப்படுவதில்லை. பொதுக் குளம் கட்டப்பட்டதோ பிரதானமாக அவர்களுக்காகவே.

மூன்றாவது ஞாபகக் கட்டுரைகள். இவற்றை நான் மதிக்கிறேன். எழுத்தில் பதிவாகாத அநேக விஷயங்களை இவையே காத்துத் தருகின்றன. எனினும், கட்டடம் போய்விட்டதே என்ற துக்கத்தில் தொடங்கி அத்துக்கத்திலேயே முடிவதால், அக்குளத்துக்கு நீர் எங்கிருந்து வந்தது என்று இவை பெரும்பாலும் கேட்பதில்லை.

நீர் வந்த வழி

மவுண்ட் எமிலியின் குளம் புதிதாகத் தோண்டப்பட்டதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தீவின் நடுவே இன்று மெக்ரிச்சி என்று வழங்கும் நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குக் குழாய் நீர் வரத் தொடங்கிய காலத்தில், அந்நீரை உயரத்தில் நிறுத்தி வீடுகளுக்குத் தானே இறங்கி ஓடச் செய்வதற்காகக் குன்றின்மேல் ஒரு விநியோகத் தேக்கம் அமைக்கப்பட்டது. நகரம் பெருகப் பெருகத் தீவின் நீர் போதாமற் போயிற்று. 1924-ல் ஜொகூர் பாலம் முறைப்படி திறக்கப்பட்டு, கடலின் குறுக்கே குழாய் இடுவதற்கு உறுதியான கற்கரை கிடைத்ததும், நகரசபையின் பார்வை வடக்கே திரும்பியது. 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, ஜொகூர் சுல்தான் இப்ராஹிமுக்கும் சிங்கப்பூர் நகரசபைக்கும் இடையே முதல் நீர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

அவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகளைச் சற்று நின்று பார்ப்பது அவசியம். குனோங் பூலாய் பகுதியில் 2,100 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 30 காசு வாடகைக்கு விடப்பட்டது. அங்கிருந்து எடுக்கும் நீருக்குத் தனியே விலை கிடையாது. கணக்கிட்டால் நிலத்துக்கு ஆண்டு வாடகை 630 வெள்ளி. மறுபுறம், நாளொன்றுக்கு 8,00,000 காலன் வரை சுத்திகரித்த நீரை, ஆயிரம் காலனுக்கு 25 காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை ஜொகூருக்கு அளிக்கப்பட்டது. தன் மலையில் பெய்த மழையைச் சுத்தம் செய்த வடிவில் விலை கொடுத்து வாங்கும் நிலை நியாயமானதா என்பது பிற்காலத்து ராஜதந்திரிகள் நெடுநாள் வாதிட்ட பொருள். இங்கே அதைத் தீர்க்கப் புகவில்லை. குழாயும் வடிகட்டும் நிலையமும் கட்டிய செலவு முழுவதும் நகரசபையுடையது என்பதையும் நேர்மையோடு சேர்த்தே சொல்லவேண்டும்.

வரப்போகும் ஜொகூர் நீரை மனத்திற்கொண்டே கேனிங் கோட்டைக் குன்றின் உச்சியிலிருந்த பழைய கோட்டைக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் பெரியதொரு மூடிய தேக்கம் 1929-ல் உருவாயிற்று. அது தயாரானதும் மவுண்ட் எமிலியின் சிறிய தேக்கத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. சுவர் உண்டு, தரை உண்டு, நீர்க்குழாய் உண்டு, வடிகாலும் உண்டு. இவற்றை நீச்சற்குளமாக மாற்றப் புதுக்குளம் வெட்டுவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே போதும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். குனோங் பூலாய்த் திட்டம் முறைப்படி நிறைவேறியது 1932-ல். குளம் திறந்ததோ அதற்கு முந்திய ஆண்டின் தொடக்கத்தில். அப்படியிருக்க, ஜொகூர் நீரே குளத்துக்குக் காரணம் என்று எவ்வாறு கூறலாம்? ஆட்சேபம் நியாயமானது. குளத்தில் முதன்முதல் நிரம்பியது ஜொகூர் நீர் என்று நான் கூறவில்லை. ஜொகூர் நீரை ஏற்கக் கட்டிய பெருந்தேக்கம் சிறுதேக்கத்தை விடுவித்தது. நீர்ப் பஞ்சம் நீங்கப்போகிறது என்ற நம்பிக்கை, குடிக்கும் நீரை விளையாட்டுக்கு ஒதுக்கும் துணிவை நகரசபைக்கு அளித்தது. காரணம் மறைமுகமானதே, ஆயினும் வருஷங்களின் வரிசை அதையே சுட்டுகிறது.

அத்துணிவின் அளவை இன்றைய கணக்கொன்றால் உணரலாம். ஐம்பது மீட்டர் நீளமும் இருபத்தைந்து மீட்டர் அகலமும் சராசரி இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஒன்றை நிரப்ப 25 லட்சம் லிட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தரை லட்சம் காலன் நீர் வேண்டும். 1927-ல் ஜொகூர் நாளொன்றுக்கு வாங்க உரிமை பெற்ற மொத்த நீரில் இது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அக்காலத்தில் பல தேசங்களில் குளத்து நீரைச் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புவதே வழக்கம். மணல் வடிகட்டியும் குளோரினும் சுற்றோட்டப் பம்பும் பரவலான பின்னரே ஒரே நீரைப் பல நாள் சுத்தமாக வைத்திருக்க இயன்றது. இவ்வாறிருக்க, பொதுக் குளம் என்பது ஒரு நகரம் தன் நீர்நிலையைக் குறித்துக் கொண்டிருந்த நம்பிக்கையின் அளவுகோல் என்று கொள்வதற்கு இடமுண்டு.

இறங்கும் உரிமை

நீர் இருப்பது ஒன்று. அதில் யார் இறங்கலாம் என்பது மற்றொன்று. மலாயாவில் நீச்சல் என்பது முதலில் சங்கங்களின் தனியுரிமையாகவே இருந்தது. 1894-ல் தோன்றிய சிங்கப்பூர் நீச்சற் சங்கமும், 1903-ல் தோன்றிய பினாங்கு நீச்சற் சங்கமும் ஐரோப்பியர்களுக்கு உரியவையாயிருந்தன; சீன வர்த்தகக் குடும்பங்கள் தமக்கெனத் தனிச் சங்கங்களை ஏற்படுத்திக்கொண்டன. இந்தியத் தொழிலாளிக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. எந்தச் சங்கத்திலும் அங்கத்தினராகாத ஒருவன் நுழைவுச் சீட்டொன்றை வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம் என்ற ஏற்பாடுதான் மவுண்ட் எமிலியின் உண்மையான புதுமை. அதன் கட்டட அமைப்பில் விசேஷம் ஒன்றும் இல்லை.

தமிழ் வாசகர் இதை நம் சரித்திரத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் குளங்களிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு உள்ள உரிமையை நிலைநாட்டும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20-ஆம் தேதி மஹாட் நகரின் சவ்தார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். அதே ஆண்டின் இறுதியிலேதான் ஜொகூர் நீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. இவ்விரண்டுக்கும் நேர்த் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால், ஊர்க்குளத்துப் படியில் கால்வைக்கத் தடையிருந்த கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும், தேக்கா சந்தைக்குச் சற்று மேலே, மற்றவர்கள் நீந்தும் அதே நீரில் இறங்கி நீந்தலாம் என்ற நிலை ஏற்பட்டதன் கனத்தை, கருணைச் சரித்திரமும் விளையாட்டுச் சரித்திரமும் நிறுத்துப் பார்த்ததில்லை.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. நுழைவுக் கட்டணம் சிறிதாயினும், தினக்கூலிக்காரனுக்கு அது ஒரு தடை. நீச்சலுடை மற்றொரு தடை. நம் பெண்களுக்கு அது பல்லாண்டுகள் கடக்கமுடியாத தடையாகவே இருந்தது. நகரசபையின் தெருவிலும் சாக்கடையிலும் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். 1936-ன் இறுதியில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து தம் கூலியையும் நிலையையும் பற்றி முறையிட வேண்டியிருந்தது. நகரத்தின் வசதிகளைத் தம் கைகளால் பேணியவர்களுக்கு அவ்வசதிகளை அனுபவிக்க ஓய்வும் காசும் எவ்வளவு இருந்தன என்ற கேள்வியைக் குளத்தின் சரித்திரம் எழுதுவோர் தவிர்க்க முடியாது. ஜொகூரின் உட்பகுதித் தோட்டங்களிலோ, லயன் வீட்டு வரிசைக்கு ஒரு பொதுக்குழாயும், அருகில் ஓடிய ஆறும்தான் குளியலறை. நீச்சல் என்பது அங்கே யாரும் கற்றுத்தராமல், சில வேளை உயிரையே விலையாகக் கொடுத்துக் கற்ற வித்தை.

பெருகியதும் மூடியதும்

யுத்தம் குளத்தையும் குழாயையும் ஒருங்கே தாக்கியது. 1942 ஜனவரி 31-ஆம் தேதி பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது, அதன்மீது சென்ற நீர்க்குழாயும் அறுபட்டது. இரு வாரங்களுக்குப்பின் நகரம் சரணடைந்ததற்குரிய காரணங்களில், நீர் விநியோகம் நிலைகுலைந்தது பிரதானமானது. மவுண்ட் எமிலிக் குளம் ராணுவத்தின் கைக்குப் போய், 1949-ல்தான் ஜனங்களுக்கு மீண்டும் கிடைத்தது.

அதன்பின் ஒரு தலைமுறைக் காலம் பொதுக் குளங்களின் பொற்காலம் எனலாம். 1952-ல் தஞ்சோங் பகார் பக்கத்தில் யான் கிட் குளம் திறந்தது. அதுவும் பழைய நீர்த்தொட்டி இருந்த இடமே என்பது நம் வாதத்துக்கு வலுவூட்டும். 1957-ல் ஃபேரர் பார்க், சிராங்கூன் சாலைத் தமிழர்கள் நடந்தே செல்லும் தூரத்தில். 1959-ல் ரிவர் வேலி. அது ஜொகூர் நீர் வந்து தங்கிய அதே கேனிங் குன்றின் அடிவாரத்தில் அமைந்தது. 1961, 1962 ஒப்பந்தங்களால் ஜொகூரிலிருந்து செல்லும் நீர் பன்மடங்காயிற்று. 1962 ஒப்பந்தம் ஒன்றே நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை அனுமதித்தது. 1970-ல் குவீன்ஸ்டவுனிலும், 1973-ல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிகளை ஒட்டித் தோ பாயோவிலும் குளங்கள் எழுந்தன.

குடியிருப்புகள் நகரின் நடுவிலிருந்து புறநகருக்குப் பெயர்ந்தபோது பழைய குளங்கள் தம் ஜனங்களை இழந்தன. மவுண்ட் எமிலி 1981-லும், யான் கிட் 2001-லும், ஃபேரர் பார்க்கும் ரிவர் வேலியும் 2003-லும் மூடப்பட்டன. நீர் பெருகியிருந்த காலத்திலேயே இவை மூடப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். தோன்றியதற்கு நீர் காரணம். மறைந்ததற்கு நீர் காரணமன்று.

புனருத்தாரணம் எனப்படுவது

மூடிய குளங்களுக்கு நேர்ந்தவை வெவ்வேறு. மவுண்ட் எமிலியின் குளம் இடிக்கப்பட்டு, குன்று பூங்காவாக நிற்கிறது. யான் கிட் இருந்த இடம் விளையாட்டுத் திடலாயிற்று. பெயர் நிலைத்தது, நீர் போயிற்று. ஃபேரர் பார்க்கில் புதுக் குடியிருப்பு எழுப்பும் திட்டத்தில், பழைய நீச்சல் வளாகத்தின் கூறுகளையும் குத்துச்சண்டைக் கூடத்தையும் காத்து இணைப்பதாக 2021-ல் அறிவிக்கப்பட்டது. இவற்றில் கட்டடமோ பெயரோ காக்கப்படுகிறது. அம்முயற்சிகளை நான் குறைவாக மதிப்பிடவில்லை. ஆனால் குளத்தின் இயல்பான காரியம் திரும்பி வந்ததா என்று கேட்டால், வரவில்லை என்றே சொல்லவேண்டும்.

நீரே திரும்பிய உதாரணங்களும் உலகில் உண்டு. நியூயார்க்கின் மெக்காரன் பூங்காக் குளம், பொருளாதார மந்தக் காலத்தின் நிவாரணப் பணத்தால் 1936-ன் ஒரே கோடையில் திறந்த பதினொரு பெருங்குளங்களுள் ஒன்று. 6,800 பேர் ஒரே வேளையில் பயன்படுத்தத்தக்கது. 1980-களில் பழுதுபார்ப்பதற்கென மூடப்பட்டது, பல ஆண்டுகள் பழுதுபார்க்கப்படாமலே கிடந்தது. பணமில்லாமை ஒரு காரணம். பிற இனத்து இளைஞர்கள் வருவதைச் சுற்றுப்புறத்தார் சிலர் விரும்பாமல் வேலையைத் தடுத்தது, வெளிப்படையாகப் பேசப்படாத மற்றொரு காரணம். வறண்ட குளத்தில் இசைக் கச்சேரிகள்கூட நடந்தன. இறுதியில் ஐந்து கோடி டாலர் செலவில் 2012-ல் நீரோடு திறந்தது. இங்கிலாந்தில் பிரைட்டனுக்கருகேயுள்ள சால்ட்டீன் குளம் 1938-ல் கட்டியது. 2010-ல் மூடப்பட்டபின், ஊர் ஜனங்களே ஒரு சமூக நிறுவனத்தை ஏற்படுத்திப் பொறுப்பேற்று 2017-ல் குளத்தை மீண்டும் திறந்தார்கள். அவர்கள் முதலில் மீட்டது நீரை. முகப்புக் கட்டடத்தின் வேலை அதன்பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. எதை முதலில் செய்வது என்ற அந்த முடிவே, என் கருத்தில், அம்முயற்சியின் சிறப்பு.

கட்டடத்தைக் காப்போர் ஒரு பதில் சொல்லக்கூடும்: இன்று ஒவ்வொரு பேட்டையிலும் நவீனக் குளங்கள் இருக்கையில், பழைய குளத்தில் நீர் நிரப்புவது வீண் செலவல்லவா? சிங்கப்பூரைப் பொறுத்தவரை இவ்வாதத்துக்கு வலிமை உண்டு. அங்கே பொதுக் குளங்களின் எண்ணிக்கை குறைவன்று. ஆனால் அதே வாதத்தை ஜொகூருக்குக் கொண்டுவர முடியாது. இங்கே புதிய அடுக்குமாடிகளின் சுவர்களுக்குள் தனிக் குளங்கள் பெருகியிருக்கின்றன. அவை பழைய சங்கங்களைப் போலவே அங்கத்தினருக்கு மட்டும் உரியவை. சுவருக்கு வெளியே வாழ்பவனுக்கு எஞ்சியிருப்பவை ஆறும் அருவியும். நகரின் முன்னால் கிடக்கும் நீரிணையோ, கற்கரையாக அமைந்த பாலத்தால் நடுவே அடைபட்டு, ஓட்டம் குன்றிக் கிடக்கிறது.

மலையடிவாரம்

ஆகவே குனோங் பூலாய்க்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 1961 ஒப்பந்தம் முடிந்த 2011 ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி, அங்குள்ள நீர் நிலையங்கள் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. மலையோடு இணைந்த பொழுதுபோக்கு வனத்தின் ஓடையிலும் சிற்றருவியிலும் பல தலைமுறையினர் கட்டணத்தைப் பற்றியோ உடையைப் பற்றியோ கவலையின்றிக் குளித்துவந்தார்கள். 2001 டிசம்பர் 27-ஆம் தேதி, பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் தோன்றியதால் வானிலை அறிஞர்களையே வியக்கவைத்த வாமே புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. அதன் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து மண்ணும் மரமும் வெள்ளமாய் இறங்கியதில் ஐவர் மாண்டனர். வனம் பல ஆண்டுகள் மூடப்பட்டுக் கிடந்து, பின்னரே மீண்டும் திறந்தது.

இத்திறப்பையும் ஒரு பொதுக் குளத்தின் புனருத்தாரணமாகவே கருதவேண்டும் என்பது என் முடிவு. நீர் இருக்கிறது, இறங்கும் உரிமையும் இருக்கிறது. இல்லாதது, மவுண்ட் எமிலி போன்ற குளங்கள் நகரத்துப் பிள்ளைகளுக்கு அளித்த மூன்றாவது பொருள்: கரையில் நின்று கவனிக்கும் பயிற்சி பெற்ற கண்ணும், நீந்தக் கற்பிக்கும் ஆசிரியரும். மேல்மலையில் மழை பெய்தால், கீழே வெயிலடிக்கும்போதே ஓடை திடீரென்று பெருகும் என்பது இப்பகுதியார் அனைவரும் அறிந்தது. அதை அறிவிக்கும் மணியோ சங்கோ ஒவ்வொரு குளிக்குமிடத்திலும் இருக்கவேண்டும். தோட்டங்களிலிருந்து பெயர்ந்து நகர விளிம்புகளில் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தமிழ்ப்பள்ளிகளின் வழியாகவேனும் நீச்சற் பயிற்சி கிடைக்கச் செய்ய மாவட்ட மன்றங்களிடம் முறையிடுவதில் தாமதத்துக்குக் காரணமில்லை. மலையின் நீர் இவ்வளவு அருகில் இருக்கையில், அதில் அச்சமின்றி இறங்கத் தெரியாத பிள்ளைகள் கூலாயிலும் ஸ்கூடாயிலும் மாசாயிலும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.